அந்த வெள்ளையை எழுத்துக்கு அடியிலும் போடு



இது நீளமான பதிவு. பாதி படித்துவிட்டு "அருமை சார்" என்று போடுகிறவர்கள் இப்போதே போட்டுவிட்டுக் கிளம்பலாம். மற்றவர்கள் உட்காருங்கள்.

நம் பழைய மாணவர் குழுவில், சிவகாசியில் பெட்டி டிசைன் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் போன வாரம் ஒரு வீடியோ போட்டிருந்தான். பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். ஒரு சத்துமாவுக்கு அவன் வடிவமைத்த அட்டைப்பெட்டி. கையில் வைத்து மெல்லச் சாய்க்கிறான், கேழ்வரகுக் கதிர் பொன்னாக மின்னுகிறது. இன்னும் கொஞ்சம் சாய்த்தால் கதிருக்குப் பின்னால் வானவில் ஓடுகிறது. குழந்தையின் முகம் மட்டும் மேடாகப் புடைத்து, எண்ணெய் தடவியது போலப் பளபளக்கிறது. எல்லோரும் கைதட்டல் படம் போட்டிருந்தீர்கள். நானும் மூன்று தடவை பார்த்தேன். நான்காவது தடவை வீடியோவை நிறுத்தி, பெரிதாக்கி, உள்ளே என்னென்ன தானியம், எத்தனை கிராம், சர்க்கரை சேர்த்திருக்கிறதா, நிலக்கடலை உண்டா, எந்த மாதம் அரைத்தது என்று தேடினேன். முதுகுப் பக்கத்தில் வெள்ளிப் பரப்பின் மேல் சாம்பல் நிறத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ தெரிந்தது. "சார், வீடியோ தெளிவு கம்மி" என்றான். சரி, பெட்டியை அனுப்புப்பா என்றேன். மரியாதையாக அனுப்பிவைத்தான். கையில் வைத்துப் பார்த்தும் படிக்க முடியவில்லை. எனக்கு வயசாகிவிட்டது என்று சொல்லிவிடலாம். என் மருமகள் கண்ணாடி போடாதவள். அவளே ஜன்னல் பக்கம் போய்த் திருப்பித் திருப்பி வைத்துத்தான் படித்தாள்.

அதனால்தான் இந்தச் சண்டை. தம்பியோடு இல்லை, அவன் கேட்டதைச் செய்து கொடுக்கிறவன். மினுக்கைக் கேட்டு வாங்கும் கம்பெனிகளோடும், மினுக்கினால் நல்ல சாமான் என்று நம்பிக் கையை நீட்டும் நம்மோடும்தான். பெட்டியை அழகாக்குகிறோம் என்று சொல்லிக்கொண்டு பெட்டியிலிருந்து எழுத்தை விரட்டிக்கொண்டிருக்கிறார்கள். எழுத்துச் சொல்லிக்கொடுத்தே சம்பளம் வாங்கியவன் நான், இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

அழகே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. நம் பக்கத்துக்காரர்கள் யாரும் அப்படிச் சொல்லவும் முடியாது. சங்கரன்கோவில் தாண்டித் திருவேங்கடம் வழியாகப் போனால் சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து, மறு வருடம் அங்கே தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கு லேபிள் வேண்டும். அந்தத் தேவைக்குத்தான் லித்தோ அச்சு அந்தக் கந்தக பூமிக்கு வந்து சேர்ந்தது. கிழக்கே கோவில்பட்டியில் கொண்டையராஜு (1898–1976) உட்கார்ந்து வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசியில் காலண்டராக அச்சாகித்தான் நம் வீட்டுச் சுவர்களுக்கு வந்தார்கள். கண்ணைக் கவர்வது எப்படி என்று நம் மண்ணுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பழைய லேபிளை ஞாபகப்படுத்திப் பாருங்கள். மயிலோ, அணிலோ, ரயில் எஞ்சினோ ஒரு படம். அதன் தலைக்கு மேல் பெயர். கீழே எத்தனை குச்சி, எந்த ஊர். சாதாரணக் காகிதத்தில் சாதாரண மை. எந்தப் பக்கம் சாய்த்தாலும், சிம்னி விளக்கில் வைத்தாலும், வெயிலில் வைத்தாலும் எழுத்து எழுத்தாகவே நிற்கும்.

என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். எண்பதுகளில் நம் பள்ளியில் அட்டைப் படம் வாங்கக் காசு கிடையாது. வீட்டில் கிடக்கிற காலிப் பொட்டலம், சோப்பு உறை, தீப்பெட்டிப் படம் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள் என்பேன். "விலை" என்ற சொல்லைப் பாதிப் பேர் சோப்பு உறையில்தான் படித்தீர்கள். "எடை" தேயிலைப் பொட்டலத்தில். ஐம்பது கிராம் இவ்வளவு என்றால் ஒரு கிலோ எவ்வளவு என்ற கணக்கைக் கற்பனையாகப் போட்டதே இல்லை, கையில் இருந்த உறையைப் பார்த்துத்தான் போட்டோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி வகுப்பு நடந்தபோது, தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் போய்விட்டு வரும் அக்காமார் ராத்திரி வந்து உட்காருவார்கள். அதில் ஒரு அக்கா, வருஷக்கணக்காகத் தன் கையால் ஒட்டிக்கொண்டிருந்த லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதல்முறையாக எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இம்புட்டுத்தானா சார்?" என்று கேட்டது. அந்த அக்கா இன்றைக்கும் நம் பனவடலிசத்திரத்தில்தான் இருக்கிறது. கடையில் பொட்டலத்தைக் கையில் வாங்கினால் அதற்கு ஒன்றும் விளங்குவதில்லை. படிப்பு மறந்துபோகவில்லை. படிக்கிற மாதிரி அச்சடிப்பதில்லை.

இந்த மினுக்கு எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால்தான் என் கோபம் புரியும். தம்பியே ஒருமுறை அச்சகத்தைச் சுற்றிக் காட்டினான். அட்டையின் மேல் அலுமினியப் பூச்சு ஏற்றிய மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை ஒட்டிவிடுகிறார்கள், அது கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது. வானவில் வேண்டுமென்றால் படலத்திலேயே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகள் பதிந்திருக்கும். பழைய சிடி தட்டின் முதுகைப் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதி. அங்கே நிறம் மையில் இல்லை. வரிகளில் பட்ட வெளிச்சம் பிரிந்து நிறமாகத் தெரிகிறது. சில இடத்தில் மட்டும் வார்னிஷ் பூசிப் புறஊதா விளக்கில் காய வைத்தால் அந்த இடம் மட்டும் ஈரம் போலப் பளபளக்கும், அது ஸ்பாட் யூவி. சூடான அச்சை வைத்துத் தங்கத் தாளை அழுத்தினால் ஃபாயில். கீழிருந்து அழுத்தி மேடாக்கினால் எம்போஸ். திருவிழாக் கடையில் ஒரு பக்கம் பார்த்தால் சிவன், மறுபக்கம் பார்த்தால் பார்வதி என்று ஒரு படம் விற்பார்கள். அது வரிவரியாக லென்ஸ் பதித்த தாள். அதையும் இப்போது பெட்டியில் ஒட்டத் தொடங்கிவிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இவை எல்லாம் சாய்க்கச் சாய்க்க மாறுபவை. அதுதான் இந்த வித்தையின் உயிர். எழுத்துக்கு வேண்டியதோ அதற்கு நேர் எதிர், பின்னணி அசையாமல் நிற்க வேண்டும். கரும்பலகை ஏன் கரும்பலகையாக இருக்கிறது? பளபளவென்று எண்ணெய் தேய்த்த பலகையில் நான் எழுதியிருந்தால் ஜன்னல் ஓரத்துப் பிள்ளை என்ன படித்திருக்கும்? கண்புரை தொடங்கியவர்களுக்கு வெளிச்சம் கூசும். மினுக்குப் பெட்டியில் அவர்களுக்குத் தெரிவது கூச்சம் மட்டும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2011-ன் பொட்டலப் பொருள் விதிகள், எடையளவுச் சட்டத்தின் கீழ் வருபவை. தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர எடை, மாதம், வருடம், விலை, புகார் சொல்ல ஓர் எண் என எல்லாம் இருக்க வேண்டும். தெளிவாகவும் எடுப்பாகவும் இருக்க வேண்டும். விலையும் எடையும் பின்னணியிலிருந்து எடுத்துக்காட்டுகிற நிறத்தில் இருக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் பின்னணிக்கே நிலையான நிறம் இல்லாத பெட்டியில் "எடுத்துக்காட்டுகிற நிறம்" எது? நேராகப் பிடித்தால் வெள்ளி, சாய்த்தால் பச்சை, இன்னும் சாய்த்தால் ஊதா. இன்ஸ்பெக்டர் எந்தக் கோணத்தில் பிடித்துப் பார்த்து முத்திரை குத்துவார்? ஐந்து ரூபாய்ப் பொட்டலத்தின் விலை ஐந்து ரூபாயாகவே நிற்கிறது, உள்ளே கிராம்தான் வருஷத்துக்கு வருஷம் மெலிகிறது. கிராம் ஒன்றுக்கு என்ன விலை என்பதையும் போடச் சொல்லி 2022-ல் விதி வந்ததே, அதை உங்களில் எத்தனை பேர் இதுவரை கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்?

இன்னொரு கொடுமை. அதே விதியில் இந்த விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும். வேறு மொழி கூடுதலாகப் போடத் தடை இல்லை, அவ்வளவுதான். உணவுப் பொருள் லேபிளுக்கான 2020-ன் விதியிலும் இதே கதை. கடைப் பலகையில் தமிழ் முதலில் இருக்க வேண்டும் என்று நம் மாநிலத்தில் விதி இருக்கிறது. பலகையை யாரும் தின்பதில்லை. தின்கிற பொருளின் பொட்டலத்தில் மட்டும் தமிழ் அவரவர் இஷ்டம். பெரிய கம்பெனிகள் தமிழில் போடுவது ஒரே ஒரு இடத்தில்தான், முன்பக்கத்தில் தங்க ஃபாயிலில் "புதிய சுவை" என்று. சுவைக்குத் தமிழ், சேர்மானத்துக்கு ஆங்கிலம்.

முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். பூச்சிமருந்துக்கு முடிந்திருக்கிறது. 1971-ன் பூச்சிக்கொல்லி விதிகள் லேபிளில் இந்தி, ஆங்கிலத்தோடு விற்கிற வட்டாரத்தின் மொழியும் கட்டாயம் என்கின்றன. சாய்சதுரம் ஒன்று, முகப்பில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையாமல். அதில் சிவப்பு என்றால் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் பேசும். எவ்வளவு யோசித்து வைத்த ஏற்பாடு! இதையும் மினுக்கு கெடுக்கத் தொடங்கியிருக்கிறது. மக்காச்சோளத்தில் 2018-லிருந்து படைப்புழு வந்தது உங்களுக்குத் தெரியும். நம் பக்கத்துக் கரிசல் காட்டில் மருந்தடிக்காத வீடு இல்லை என்றாகிவிட்டது. மருந்துக் கடை அலமாரியைப் போய்ப் பாருங்கள். பெட்டி முழுக்க வானவில், புழுவின் மேல் மின்னல், பெயரில் நெருப்பு. அத்தனை நிறத்துக்கு நடுவில் அந்தச் சாய்சதுரமும் இன்னொரு நிறமாக ஒதுங்கிக் கிடக்கிறது. நாலு நிறத்துக்கு ஓர் அர்த்தம் இருக்க வேண்டுமென்றால் பெட்டியின் மற்ற இடம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பல்பொடிப் பெட்டியும் பூச்சிமருந்துப் பெட்டியும் ஒரே மாதிரி பளபளப்பதை வீட்டில் சின்னப் பிள்ளைகள் வைத்திருக்கிறவர்கள் ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

மாத்திரை அட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெள்ளித் தாள், அதன் மேல் பொடி எழுத்து. கடையில் ஐந்து மாத்திரை வெட்டிக் கொடுக்கும்போது காலாவதித் தேதி மற்ற பாதியோடு போய்விடும். எங்கள் தெருவில் எண்பது வயதுப் பெரியம்மை பிரஷர் மாத்திரையையும் சுகர் மாத்திரையையும் ஒரே டப்பாவில் போட்டு, "ரெண்டும் ஒரே வெள்ளி"யாக இருப்பதால் பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை சாப்பிடாமல் காத்திருக்கிறது. 2023 ஆகஸ்டிலிருந்து முன்னூறு மருந்துப் பெயர்களுக்குக் க்யூஆர் கோடு கட்டாயம் ஆக்கினார்கள். போலி மருந்தைக் கண்டுபிடிக்க நல்லதுதான். பெரியம்மைக்கு அது இன்னொரு மினுக்குப் புள்ளி.

தம்பி சும்மா விடவில்லை. போனில் முக்கால் மணி நேரம் வாதாடினான். பள்ளியில் இப்படிப் பேசியிருந்தால் பேச்சுப் போட்டிக்கு அனுப்பியிருப்பேன். அவன் சொன்னவற்றில் நியாயம் உள்ளதை மறைக்க மாட்டேன்.

"போலியைத் தடுக்கத்தான் சார் ஹாலோகிராம்." சரி. 1947-ல் டென்னிஸ் கேபார் கண்டுபிடித்த விஷயம், 1971-ல் அதற்காக நோபல் பரிசு வாங்கினார். எளிதில் நகல் எடுக்க முடியாது என்பதால் வங்கி அட்டையில் வந்தது, டாஸ்மாக் பாட்டிலிலும் ஒட்டுகிறார்கள். (எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், காலை நடைக்குப் போனால் தெருவெல்லாம் கிடக்கிறது.) ஆனால் அது நகக்கண் அளவு முத்திரையாக இருக்கும்வரைதான் காவல். ரோல் ரோலாக வானவில் படலம் கிடைக்கும் ஊரில், பெட்டி முழுக்க அதைச் சுற்றினால் எது அசல், எது போலி என்று வாங்குகிறவன் எப்படிப் பிரிப்பான்? எல்லா வீட்டு வாசலிலும் போலீஸ் உடுப்புப் பொம்மை நின்றால் திருடன் எதற்குப் பயப்படுவான்?

"அலுமினியப் பூச்சு இல்லாவிட்டால் சிப்ஸ் நமுத்துப் போகும் சார்." உண்மை. ஈரமும் காற்றும் வெளிச்சமும் புகாமல் அது காக்கிறது. ஆனால் சிப்ஸைக் காப்பது பூச்சு, வெளியே தெரியும் பளபளப்பு இல்லை. பூச்சு உள்ளே இருந்துவிட்டுப் போகட்டும். அதோடு, பற்பசை அட்டைப்பெட்டியும் ஊதுபத்திப் பெட்டியும் மத்தாப்புப் பெட்டியும் நமுத்துப் போகிறது என்றா வெள்ளி பூசுகிறீர்கள்?

"மினுக்காத பெட்டி அலமாரியில் தூங்கும் சார். ஆர்டர் போனால் எங்க வேலை போகும்." இதற்கு மட்டும் நான் உடனே பதில் சொல்லவில்லை. சிவகாசிக்கு அச்சு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். பட்டாசில் 2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் எத்தனை குடும்பம் ஆடிப்போயிற்று என்பதும் தெரியும். அச்சை நம்பி இருக்கிறவன் வயிற்றில் அடிக்கச் சொல்லவில்லை. முன்பக்கம் முழுக்க உன்னுடையது, மயிலை ஆட விடு, கதிரை மின்ன விடு. பின்பக்கத்தில் ஒரு உள்ளங்கை அளவு இடத்தை மினுக்காமல் விடு என்றுதான் கேட்கிறேன்.

அதற்குச் செலவு ஆகும் என்று அவன் சொல்ல முடியாது. ஏனென்றால் அவன் காட்டிய ரகசியமே என் கையில் இருக்கிறது. வெள்ளிப் படலத்தில் அப்படியே நிறம் அடித்தால் எல்லாமே உலோகமாகத் தெரியும், குழந்தையின் கன்னம்கூடத் தகரம் மாதிரி இருக்கும். அதனால் எந்த இடம் மினுக்கக் கூடாதோ அந்த இடத்துக்கு முதலில் கெட்டியான வெள்ளை மை அடிக்கிறார்கள், அதன் மேல் மற்ற நிறங்கள். அந்தக் குழந்தை முகத்துக்கு அடியில் வெள்ளை இருக்கிறது. கம்பெனி முத்திரைக்கு அடியில் வெள்ளை இருக்கிறது. வெள்ளைக்கான தகடு ஏற்கெனவே மெஷினில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே தகட்டில் பின்பக்கம் ஒரு கட்டம் கூடுதலாக விட்டால் எடையும் விலையும் சேர்மானமும் கறுப்பில் பளிச்சென்று நிற்கும். செய்யாததற்குக் காரணம் காசு இல்லை, யாரும் கேட்கவில்லை. முகத்துக்கு மரியாதை, எழுத்துக்கு இல்லை.

தேதி இன்னும் மோசம். அது அச்சகத்தில் அச்சாவதே இல்லை. கம்பெனியில் பொட்டலம் ஓடும்போது புள்ளிப் புள்ளியாக மை பீய்ச்சி அடிக்கிறார்கள், பெரும்பாலும் மடித்து ஒட்டிய பல் பல்லான ஓரத்தில். வழுக்கும் பரப்பில் மை சரியாகப் பிடிப்பதில்லை, கட்டைவிரலால் தேய்த்தால் வந்துவிடுகிறது. பழைய சரக்கை விற்க நினைக்கும் ஆளுக்கு இதைவிட வசதி வேண்டுமா? அந்த இடத்தில் மட்டும் வழுக்காத வெள்ளைக் கட்டம் விட்டால் மை பிடித்துக்கொள்ளும்.

அரசாங்கம் நினைத்தால் பெட்டியின் இடத்தைப் பிடுங்கி எழுத்துக்குக் கொடுக்க முடியும். சிகரெட் பெட்டியில் 2016 ஏப்ரலிலிருந்து எச்சரிக்கைக்கு 85 சதவீதம் இடம். எந்தக் கம்பெனியும் மூடிவிட்டுப் போய்விடவில்லை. சத்துமாவுக்கு 85 கேட்கவில்லை. பின்பக்கத்தில் பாதி கேட்கிறேன், அதில் தமிழும் கேட்கிறேன்.

குப்பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய பேப்பர் எடுக்க வருகிறவர் இந்த மினுக்கு அட்டையைத் தள்ளி வைத்துவிடுகிறார், பிளாஸ்டிக் படலம் ஒட்டியது கூழாகாது. 2016-ன் பிளாஸ்டிக் கழிவு விதி, மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்குப் பொட்டலத்தை இரண்டு வருடத்தில் நிறுத்தச் சொன்னது. 2018-ல் திருத்தினார்கள்: மறுசுழற்சியும் முடியாது, எரித்து வெப்பமும் எடுக்க முடியாது, வேறு பயனும் கிடையாது என்றால்தான் நிறுத்த வேண்டுமாம். எதைத்தான் எரிக்க முடியாது? இங்கே நம் ஊரில் அது சாலையோரத்திலேயே எரிகிறது, தூய்மைக் காவலர்கள் மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இதைத் தனியாக இன்னொரு நாள் எழுதுகிறேன், இதில் கோபம் வேறு ரகம்.

இப்போது வேலை. அச்சிலும் டிசைனிலும் இருக்கும் என் மாணவர்கள் ஆறேழு பேர் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். அடுத்த பெட்டி வரையும்போது கம்பெனிக்காரர் கேட்காவிட்டாலும் பின்பக்க வெள்ளைக் கட்டத்தோடு ஒரு மாதிரி வரைந்து காட்டுங்கள். வேண்டாம் என்றால் காரணத்தை எழுதிக் கேளுங்கள். கடை வைத்திருக்கும் சொந்தக்காரர்கள், சரக்குப் போட வரும் ஆளிடம் தேதி எங்கே என்று கேட்டு அவரையே படிக்கச் சொல்லுங்கள். அவர் படிக்கத் திணறினால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள். எழுத்தே தெரியாத பொட்டலம் கையில் சிக்கினால் நுகர்வோர் உதவி எண் 1915, கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

மற்ற எல்லோருக்கும் வீட்டுப்பாடம். ராத்திரி டியூப் லைட் வெளிச்சத்தில் உங்கள் அடுக்களையில் இருக்கும் ஏதாவது ஒரு பொட்டலத்தின் பின்பக்கத்தை ஒரு கை தூரத்தில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் போட்டோ எடுத்து இங்கே கீழே போடுங்கள். அம்மா அப்பா பக்கத்தில் இருந்தால் அவர்களையே வாசிக்கச் சொல்லி, எத்தனை வரி வாசித்தார்கள் என்று எழுதுங்கள். கம்பெனிப் பெயரை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள், தனியாக ஒருவரோடு நமக்குச் சண்டை இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரை நேரம் தருகிறேன்.